கவிழ மறுத்த பெயர்ப்பலகைகள்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

அண்டை நாடுகளின் கூட்டுச் செயலகத்தில் மண்டபப் பொறுப்பாளராக இருப்பவனும், தங்கள் மனைவிக்கு உடன்பிறந்த ஒரே தம்பியுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி மக்களும் சுகம். தாங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று முழுவதும் தங்களைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நன்றாகத்தான் இருந்தீர்கள். தண்ணீர் வைக்க வந்தபோது "நன்றி, மண்டபப் பொறுப்பாளரே" என்றீர்கள். நானும் "நல்லது, துணைச் செயலாளர் ஐயா" என்றேன். செயலக ஊழியர்கள் தூதுக்குழுவினரோடு பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு. செயலகமே அதை மறந்து பல காலம் ஆகிவிட்டது, இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர் தாங்கள் ஒருவர்தான். ஆகவே பாலத்துக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் வீட்டுக்கு, உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பெயர்ப்பலகைகளை மேசையோடு ஒட்டியது நான்தான். மலை நாட்டுக்காரர் சந்தேகப்பட்டதுபோல் மழைக்கால ஈரத்துக்கு இதில் பங்கில்லை, பெரிய நாட்டுக்காரர் சொன்னதுபோல் தீவு நாட்டின் சதிக்கும் பங்கில்லை. இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை நாளை வரும் விசாரணைக் குழுவிடம் கொடுப்பதாக இருக்கிறேன். அதனால் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளையும் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாடுகளும் சேர்ந்து இந்தச் செயலகத்தைத் தொடங்கிய புதிதில், ஒரு தீர்மானம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து நின்று "ஒப்ப மாட்டோம்" என்று சொல்வதுதான் வழக்கமாம். அதை எந்த மொழியில் சொல்வது என்று தகராறு வந்தது. ஒருவர் தம் மொழியில் சொல்ல, மற்ற ஆறு பேரும் தத்தம் மொழியில் அதைக் கண்டித்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தொண்டை கட்டிப்போய்க் கடைசியில் கையைக் காலை ஆட்டி மொழிபெயர்த்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ஏற்பாடு. தலைவர் தீர்மானத்தைப் படித்து முடித்ததும் எல்லா மைக்கும் அணைந்துவிடும், யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆட்சேபம் உள்ள நாடு தன் முன்னால் நிற்கும் பெயர்ப்பலகையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு பலகை கவிழ்ந்தாலும் தீர்மானம் தள்ளுபடி. ஒன்றும் கவிழாவிட்டால் தலைவர் சுத்தியலால் தட்டுவார், தட்டிவிட்டால் நிறைவேறியது நிறைவேறியதுதான். அதை ரத்து செய்ய வேண்டுமானால் ஏழு பேரும் ஒருமனதாகச் சேர்ந்து வர வேண்டும். ஏழு பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது, எனக்குத் தெரிந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒன்றைத்தான். தாங்கள் உங்கள் நாட்டுக்காக உட்காரும் சமூகநலத் துணைக்குழுவில் அந்தச் சுத்தியல் சத்தத்தை நான் கேட்டதே கிடையாது. கூட்டத்துக்கு முன் அதை எடுத்துத் துடைத்து வைப்பேன், கூட்டம் முடிந்ததும் உறைக்குள் போடுவேன், அதோடு சரி.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தாங்கள் ஒரு கல்யாண வீட்டில் சொன்னது நினைவிருக்கிறது. பார்க்கப் போனால் இந்த ஏழு நாடும் ஒரே வீட்டின் ஏழு அறைகள்போலத்தான் பிழைக்கின்றன. பெரிய நாட்டில் கட்டடம் கட்டுகிறவர்கள் மலை நாட்டுக்காரர்கள். மலை நாட்டுத் தோட்டங்களில் இறங்குகிறவர்கள் உங்கள் நாட்டுக்காரர்கள். உங்கள் தையல் ஆலைகளுக்குத் தினமும் பாலம் கடந்து வருவது எங்கள் பெண்கள். தீவு நாட்டுக்காரர்கள் எல்லா நாட்டிலும் சமைக்கிறார்கள். எந்த நாட்டில் தேர்தல் வந்தாலும் விலைவாசிக்குக் காரணம் பக்கத்து நாடு, தேர்தல் முடிந்ததும் பக்கத்து நாடு சகோதர நாடு. வேலைக்குப் போன இடத்தில் ஒருவருக்குக் கால் உடைந்தால் மட்டும் அவர் எந்த நாட்டுக்காரர் என்பது ஏழு நாட்டுக்கும் சட்டென்று மறந்துவிடும்.

என் அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். (தங்கள் மனைவிதான். விசாரணைக் குழுவுக்காகச் சொல்கிறேன்.) எங்கள் அரசு மருத்துவமனையின் எலும்பு வார்டில் நர்ஸாக நின்றுகொண்டே காலத்தைக் கழித்தவள். தங்களைக் கட்டிக்கொண்டு பாலம் தாண்டிய பிறகும் வேலையை விடாமல் தினமும் வந்து போனாள். அவள் ஓய்வு பெற்ற கையோடு அவளுடைய இரண்டு மூட்டும் ஓய்வு பெற்றுவிட்டன. தேய்ந்த மூட்டை மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை அவள் வேலை பார்த்த அதே வார்டில் இன்றைக்கும் வாரம் தவறாமல் நடக்கிறது. ஆனால் அது எங்கள் குடிமக்களுக்கு மட்டும். அவளோ தங்களைக் கட்டிய பாவத்துக்கு உங்கள் குடிமகள். உங்கள் பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கட்டிலுக்கு மேல் மின்விசிறிகூட இருக்கிறது, மருத்துவர்தான் இல்லை. உங்கள் எலும்பு மருத்துவர்கள் பெரிய நாட்டுக்குப் போய்விட்டார்கள், பெரிய நாட்டு மருத்துவர்கள் கடல் தாண்டி எங்கேயோ போய்விட்டார்கள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா கடைசியாகத் தெருவில் கால் வைத்தது உங்கள் பக்கத்துத் தேர்தலில் ஓட்டுப் போட. அந்த ஓட்டில் வந்த ஆட்சியும் போய், அதற்கு அடுத்த ஆட்சியும் போய்விட்டது, அக்கா இன்னும் இறங்கவில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குகிறாள். காய்க்காரர் முற்றிய கத்தரிக்காயைப் போட்டுவிட்டால் கூடை மேலே வந்த பிறகுதான் தெரியும், மறுபடி இறக்கி, மாடியிலிருந்தே சண்டை போட வேண்டும். "கூடைகூட நாளைக்கு நாலு வாட்டி கீழ போயிட்டு வருதுடா" என்று ஒருநாள் போனில் சொன்னாள்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் எல்லை கடந்த மருத்துவ அட்டை என்ற தீர்மானம். எந்த நாட்டில் உழைத்தாரோ அந்த நாட்டில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் தீர்மானமே, முழுசாக ஒரு பக்கம்கூட வராது. வருஷா வருஷம் அது வரும், வருஷா வருஷம் நீங்கள் கவிழ்ப்பீர்கள். அதுவும் ஒரே ஒரு விரலால், சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டுவதுபோல. அட்டை வந்துவிட்டால் நோயாளிகள் எல்லோரும் பாலம் ஏறி இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள், உங்கள் மருத்துவமனைகளின் லட்சணம் ஊர் சிரிக்கும்படி ஆகிவிடும் என்பது உங்கள் தலைநகரத்தின் பயம். நீங்கள் அதிகாரி, மேலிடத்து உத்தரவு, கவிழ்க்கிறீர்கள். தப்பென்று சொல்லவில்லை. அலுவலகப் பேனாவால் வீட்டுக் காகிதத்தில் ஒரு புள்ளி வைக்காதவர் நீங்கள், உத்தரவில் ஒரு காற்புள்ளி இருந்தால் அந்த இடத்தில் மூச்சு வாங்கிவிட்டு மேலே படிப்பவர். ஆனால் போன முறை நீங்கள் கவிழ்த்துவிட்டு வீடு போய்ச் சேர்வதற்குள் நான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னடா, கவுத்துட்டாரா?" என்றாள்.

"கவுத்துட்டாருக்கா."

"ஒத்த விரலாலயா?"

"ஆமாக்கா."

"பாரேன், ஒத்த விரலால என்னை மூணாவது மாடியில உக்கார வச்சிருக்காரு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அத்தான். ரொம்ப நாள் பிடிக்காமலே இருந்தது.

நேற்றுக் காலை கூட்டம் தொடங்குமுன் மண்டபத்தில் நானும் மண்டபம் பெருக்கும் அம்மாவும் மட்டும்தான். தலைவர்களின் படங்களை மாட்டுவதற்காக வாங்கிய, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. படங்களை மாட்டுவதற்குள் தலைவர்கள் மாறிவிட்டபடியால் டேப் மிச்சம். எப்படி அந்த எண்ணம் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு பலகையின் அடியில் ஒட்டி, மேசையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். யானை வந்து இழுத்தாலும் வராதுபோல் இருந்தது. ஒரு நாட்டின் பலகையை மட்டும் ஒட்டினால் பாரபட்சம் ஆகிவிடும், செயலகத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஆகவே ஏழையும் ஒட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். எங்கள் நாட்டிலிருந்தே தொடங்கினேன். உங்களுடையதைத்தான் முதலில் ஒட்டியிருக்க வேண்டும், கை வரவில்லை, சொந்தக்காரர் அல்லவா. அந்த அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"காத்துல விழாம இருக்கறதுக்கு."

"இங்க ஏது சார் காத்து?"

"பேச ஆரம்பிக்கட்டும், பாரு" என்றேன். அதற்குள் தலைவரின் கார் வந்துவிட்டது என்று வாசலில் சத்தம். கடைசி இரண்டு பலகையையும் டேப்பையும் அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். "நீங்க போங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார்.

முதல் தீர்மானம், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை அந்தந்த நாட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது. இதைக் கவிழ்ப்பது பெரிய நாட்டின் பாத்தியதை. மைக் அணைந்ததும் அவர் வழக்கம்போல் கையை நீட்டினார், பலகை வரவில்லை. இன்னொரு முறை தட்டினார். சுற்றுமுற்றும் பார்த்தார். இவ்வளவு பெரிய நாட்டின் பிரதிநிதிக்கு ஒரு கட்டையைக் கவிழ்க்கத் தெம்பில்லை என்று எப்படிக் காட்டிக்கொள்வார்? கையை மெல்ல எடுத்து மீசையைத் தடவிக்கொண்டார். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகைகளை எண்ணினார், மறுபடி எண்ணினார், பிறகு "சுத்தியல் எங்கேப்பா?" என்று என்னைத் தேடினார். அவர் தட்டியதும் மண்டபத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பயந்துபோய்க் காதுமாட்டியைக் கழற்றிவிட்டார். இரண்டாவது, வேலையில் அடிபட்டவருக்கு உதவி. மலை நாட்டுக்காரர் மேசைக்கு அடியிலிருந்து உதைத்துப் பார்த்தார். மூன்றாவது, கடலில் எல்லை தெரியாமல் வந்துவிட்ட மீனவர்களைப் படகோடு திருப்பி அனுப்புவது. தீவு நாட்டுக்காரர் பலகையைக் கோப்பால் மூடினார், மூடுவது கவிழ்ப்பது ஆகாது என்று தலைவர் தலையை ஆட்டிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவரும் தம் பலகை மட்டும்தான் வரவில்லை, மற்ற ஆறு பேரும் மனசு மாறித் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். தம் வெட்கம் வெளியே தெரியாமல் இருக்க ஒவ்வொரு சுத்தியலுக்கும் எழுந்து கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் யாருக்கும் தேநீர் இறங்கவில்லை. இவ்வளவு நல்லதைச் செய்துவிட்டு ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது என்று ஆளுக்கொரு மூலையில் நின்று தலைநகரங்களுக்குப் போன் போட்டார்கள்.

இடைவேளை முடிந்து உங்கள் பாத்தியதையான மருத்துவ அட்டைத் தீர்மானம் வந்தது. அதுவரை கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். தலைவர் படித்தார், மைக் அணைந்தது, உங்கள் விரல் வந்தது. நான் தூணோரம் தண்ணீர்க் கூஜாவோடு நின்றுகொண்டிருந்தேன். பலகை அசையவில்லை. இரண்டு விரலை வைத்தீர்கள். பிறகு உள்ளங்கையை வைத்தீர்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து இழுத்தீர்கள். மேசை கிறீச்சிட்டது, தம்ளர்கள் ஆடின, உங்கள் கழுத்து நரம்பு புடைத்தது, வேர்வை சட்டைக் காலரை நனைத்தது. தலைவர் சுத்தியலை ஓங்கிக்கொண்டு மரியாதைக்காகக் காத்திருந்தார். நீங்கள் கடைசியில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு நாற்காலியில் சரிந்தீர்கள். அவர் தட்டினார். அட்டை வந்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், வரவில்லை என்றதும் கையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் உத்தரவு இருந்தது, அவர்களும் அதிகாரிகள்தான். நீங்கள் ஒருவர்தான் விடவில்லை. கட்டிய பெண்டாட்டியின் முழங்காலுக்கு எதிராக உங்கள் முழங்காலைக் கொடுத்து இழுத்தீர்கள். அப்போது நான் மனசுக்குள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது, கடிதத்தை மரியாதையாகத் தொடங்கிவிட்டேன்.

சாயங்காலம் அக்காவிடம் அட்டை வந்துவிட்டது என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் இழுத்ததையும் சொன்னேன். "ரெண்டு கையாலயுமா?" என்றாள். "முழங்காலும் சேத்துக்கா" என்றேன். "காய்க்காரர் வந்துட்டாரு, கூடைய இறக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். உங்கள் தெருவில் காய்க்காரர் காலையில் மட்டும்தான் வருவார் என்பது எனக்கும் தெரியும்.

உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கூட்டம் முடிந்த பிறகுதான் ஒவ்வொருவராகப் பலகை வரவில்லை என்று வாய் திறந்தார்கள், உங்கள் தலைநகரம் மட்டும் அதை நம்பாமல், வேண்டுமென்றே கவிழ்க்காமல் விட்டீர்கள் என்று சொல்கிறதாம். நாளை விசாரணைக் குழு வந்து ஏழு பலகையையும் இழுத்துப் பார்க்கப் போகிறது. உங்கள் பலகை ஒட்டியிருந்தால் உங்கள் மேல் குற்றமில்லை, ஒட்டாமல் இருந்தால் உத்தரவை மீறியவர், வேலை போய்விடும். கவலையே படாதீர்கள். அதுவரை ஒருவரும் தொடக் கூடாது என்று மண்டபத்தைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். குற்றம் நடந்த இடத்தின் சாவியைக் குற்றவாளியிடம் கொடுப்பதில் மட்டும் ஏழு நாட்டு நிர்வாகமும் ஒன்றுதான். ஒட்டியது நான் என்று நானே சொல்லிவிடுவேன். உங்கள் கடமை உணர்ச்சிக்கு என்னைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எனக்கு ஒன்றும் ஆகாது. பலகையை ஒட்டினால் என்ன தண்டனை என்று விதிப்புத்தகத்தில் இல்லை, புதிதாகச் சேர்க்க ஏழு நாடும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். அட்டையையும் இனி ஒருவராலும் அசைக்க முடியாது, காரணம் அதேதான்.

வேறு விசேஷம் இல்லை. அக்காவை நாற்காலியோடு இறக்கி மருத்துவமனைக்கு அழைத்துப்போக நானே ஆட்களோடு வருகிறேன். நீங்கள் தூக்க வேண்டாம், கை வலிக்கும். உங்களுக்கு நீண்ட ஆயுளும், இழந்த நாற்காலியும், அதற்கு மேலான நாற்காலியும் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அக்காவுக்கு என் அன்பைத் தெரிவிக்கும்படி கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
மண்டபப் பொறுப்பாளர்

பி.கு.: அத்தான், மேலே எழுதியதை உறையில் போடுவதற்கு முன், குழு வருகிறதே, தூசியாவது தட்டி வைக்கலாம் என்று மண்டபத்தைத் திறந்தேன். ஆறு பலகை கல்லாக நின்றன. உங்களுடையதைத் துணியால் துடைத்தேன், அது கையோடு வந்துவிட்டது. அடியில் டேப்பும் இல்லை, டேப் இருந்த தடமும் இல்லை. பெருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டேப்பு ஆறோட தீந்துபோச்சு சார். மிச்சம் உங்க அத்தானோடதுதானே. வீட்டு ஆளு, அவரு எதுக்குக் கவுக்கப் போறாருன்னு அப்படியே நிக்க வச்சுட்டேன்" என்றார். ஒருநாள் தவறாமல் மண்டபம் பெருக்கியவர், நீங்கள் கவிழ்ப்பதை ஒருமுறையாவது பார்த்திருக்க மாட்டாரா? கூட்ட நாளில் அவருக்கு அரை நாள் விடுப்பு, அதனால் பார்த்ததே இல்லையாம்.

நான் உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊதினால் விழும் கட்டையை அவ்வளவு நேரம் இழுத்தீர்களே, அத்தான்! கல்யாணத்தன்று போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோதுகூட உங்களுக்கு முகத்தை மாற்ற வரவில்லை. அந்த வேர்வையை எங்கே பிடித்தீர்கள்? மற்றவர்கள் திணறுவதைப் பார்த்தபடியே கற்றுக்கொண்டீர்களா? வேலை போகும் என்று தெரியாமலா செய்தீர்கள்? உங்களைப் பற்றி நேற்று மனசுக்குள் சொன்ன வார்த்தையை நூறு முறை திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அவருக்கு நடிக்கவே வராதேடா" என்றாள். "வந்துச்சுக்கா" என்றேன். அப்புறம் அவள் அழுததை நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

விசாரணைக் குழுவுக்குக் கையெழுத்துவரை உள்ள நகல் மட்டும் போகும். உங்களுக்கு முழுவதையும் இன்றைக்கே ஆள் மூலம் அனுப்புவது, என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பார்த்தவன் எழுதியபடியே வரிசை மாறாமல் சொல்வதற்காக. இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துப்போட்டுவிடுங்கள். உங்கள் பலகையையும் ஒட்டிவிட்டேன். டேப் கிடைக்கவில்லை, தச்சர் விட்டுப்போன பசை. காய்ந்ததும் நானும் அந்த அம்மாவும் சேர்ந்து இழுத்துப் பார்த்தோம், மேசைதான் நகர்ந்தது. நாளை உங்களை இழுத்துக் காட்டச் சொன்னால் தைரியமாக இழுங்கள், இந்த முறை நடிக்க வேண்டியதில்லை.